மண்சட்டி வாங்குமுன் இரண்டு கேள்வி

திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து ஊர் திரும்புகிறவர்கள் வெறுங்கையோடு போவது அரிது. விபூதி, குங்குமம் போக, இப்போது மண்சட்டி, மண்குவளை, பீங்கான் கிண்ணம் என்று ஏதாவது ஒன்று பையில் ஏறிவிடுகிறது. நல்ல பழக்கம்தான். ஆனால் ‘கையால் செய்தது’ என்று கடைக்காரர் சொன்னதும் மற்றதைக் கேட்க மறந்துவிடுகிறோம். புடவை எடுக்கும்போது சாயம் போகுமா என்று நான்கு முறை கேட்கிறவர்கள், சோறு போட்டுத் தின்னும் பாத்திரத்தின் மேல் என்ன பூசியிருக்கிறது என்று ஒரு முறைகூடக் கேட்பதில்லை.

மேலே பூசியது என்ன? இதுதான் முதல் கேள்வி.

ஏரிக் களிமண்ணோடு மணல் கலந்து மிதித்து, சக்கரத்தில் வனைந்து, நிழலில் உலர்த்தி, விறகுச் சூளையில் சுட்ட நாட்டுச் சட்டியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அதன் மேல் பெரும்பாலும் செங்காவிக் குழம்பு மட்டுமே இருக்கும். சூளையில் புகையை வெளியே விடாமல் அடைத்துச் சுட்டால் சட்டி கறுப்பாக வரும். ஈரத்துணியால் தேய்த்தால் கொஞ்சம் காவி ஒட்டுவது இயல்பு. பெயின்ட் வாடையோ வார்னிஷ் பிசுக்கோ இருந்தால் அது அலங்காரத்துக்கு, அடுப்புக்கு அல்ல.

சிக்கல் பளபளப்பில் இருக்கிறது. மண்பாண்டத்தின் மேல் கண்ணாடிபோல் படியும் மெருகு, மணலில் உள்ள சிலிக்கா உருகி உண்டாவது. அது உருக நல்ல சூடு வேண்டும். புதுச்சேரியில் 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் கனத்த பாண்டங்கள் 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடப்படுபவை. அந்தச் சூட்டில் மெருகு உருக ஈயத்தின் துணை தேவையில்லை. குறைந்த சூட்டில், குறைந்த செலவில் பளபளப்பு வேண்டுமென்றால் மலிவான குறுக்குவழி ஈய ஆக்ஸைடு. சில பளீர் மஞ்சள், சிவப்பு நிறங்களுக்குக் காட்மியம் சேர்ப்பதும் உண்டு. இப்படிப்பட்ட மெருகு சரியாகச் சுடப்படாவிட்டால், அந்தக் கிண்ணத்தில் புளிக்குழம்போ ரசமோ தயிரோ ஊறுகாயோ நிற்கும்போது புளிப்பு ஈயத்தைக் கரைத்துச் சாப்பாட்டில் சேர்க்கும். உடலில் சேரும் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதலில் அடிபடுவது குழந்தைகளின் மூளை வளர்ச்சி. கர்ப்பிணிகளும் கவனமாக இருக்க வேண்டும்.

கண்ணால் பார்த்து ஈயத்தைக் கண்டுபிடிக்க முடியாது, தட்டிப் பார்த்தும் தெரியாது. ‘கணீர்’ என்ற ஓசை விரிசல் இல்லை என்பதை மட்டுமே சொல்லும். எனவே, “சாப்பாட்டுக்குப் பயன்படுத்தலாமா? ஈயம் இல்லாத மெருகுதானா?” என்று கேட்டு, அதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பீங்கான் பாத்திரத்திலிருந்து எவ்வளவு ஈயமும் காட்மியமும் கசியலாம் என்பதற்கு ஐஎஸ் 9806 என்ற இந்தியத் தரநிலை வரம்பு வைத்திருக்கிறது. பெரிய கடைகளில் அதன்படி சோதனை நடந்ததா என்று கேட்கலாம். பதில் சொல்லத் தயங்கினால் அந்தக் கிண்ணத்தில் செடி வைக்கலாம், சாம்பார் வேண்டாம்.

ரசத்துக்கென்று வாங்கும் ஈயச்சொம்புக்கும் இதே எச்சரிக்கை. அது வெள்ளீயத்தில் செய்ய வேண்டியது. மேலே சொன்ன நஞ்சான ஈயம், அதாவது காரீயம், விலை குறைவு; கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் வெறும் சொம்பை அடுப்பில் வைக்கவும் கூடாது.

ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். கிரிவலம் வந்த இடத்தில் வாங்கியதற்கு மறுபடி திருவண்ணாமலைக்கு அலைய வேண்டியதில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரின் ஆணையமே போதும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வேண்டியது பில். அது இல்லாமல் வழக்கு நொண்டும்.

இரண்டாவது கேள்வி, வனைந்தது யார்? பெயர் தெரிந்துகொண்டு பெருமைப்படுவதற்காக மட்டும் இதைக் கேட்கச் சொல்லவில்லை. சட்டியில் என்ன இருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியவர் அதைச் செய்தவர்தான்; அவர் தொழிலை விட்டுப் போனால் மிஞ்சுவது எங்கிருந்தோ லாரியில் வரும் பளபளப்பு.

அவர் தொழில் மண்ணில் தொடங்குகிறது. ஏரி, குளத்து மண்ணை அனுமதியில்லாமல் அள்ளினால் வண்டி பறிமுதலாகும். ஆனால் 1959-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், மண்பாண்டத் தொழிலுக்குக் கட்டணமில்லாமல் மண் எடுக்க இடம் தருகின்றன. 2024-ல் இது எளிதாக்கப்பட்டது. மாவட்ட அரசிதழில் அறிவிக்கப்பட்ட ஏரிகளிலிருந்து 60 கன மீட்டர் வரை எடுக்க இணையவழியில் விண்ணப்பிக்கலாம், அனுமதி தருபவர் வட்டாட்சியர். அனுமதிச் சீட்டு வண்டியிலேயே இருக்க வேண்டும். விண்ணப்பம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ‘என் மனு யார் மேசையில் இருக்கிறது?’ என்று அவர் கேட்கலாம். 30 நாளில் பதில் வந்தாக வேண்டும்.

அடுத்த எதிரி மழை. அகலுக்குக் கிராக்கி உச்சத்தில் இருக்கும் கார்த்திகையில்தான் வடகிழக்குப் பருவமழையும் கொட்டுகிறது. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையிலேயே மண் சரிந்தது. கார்த்திகை தீபம் அதே மாதம் 13-ஆம் தேதி. வனைந்தது காயாது, சூளை எரியாது. இதற்காகத்தான் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் மழைக்கால உதவித்தொகை. நல வாரியத்தில் பதிவு செய்து, புதுப்பித்தும் வைத்திருந்தால் கல்வி உதவி, விபத்து உதவி, ஓய்வூதியம் ஆகியவற்றுக்கும் விண்ணப்பிக்கலாம். புதுப்பிக்க மறப்பது சின்ன விஷயம்போலத் தோன்றும், அதனால் வரும் இழப்பு பெரிது. 35 வயதைக் கடந்தவர்களுக்கு 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் 3 லட்சம் வரை கடனும் அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் தருகிறது. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம்.

மூன்றாவது இடி, விற்கும் இடம். திருவிழா நெருங்கினால் சாலையோரக் கடைகளை அகற்றச் சொல்வார்கள். கூட்டத்துக்கு வழி விடுவதில் நியாயமும் உண்டு. ஆனால் 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டப்படி, விற்பனைச் சான்று பெற்றவரை நிரந்தரமாக அப்புறப்படுத்தவோ இடம் மாற்றவோ 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். பொருளை எடுத்துப் போனால் என்னென்ன எடுத்தார்கள் என்று பட்டியல் எழுதிக் கையில் தர வேண்டும். சட்டி, பானை அழுகும் சரக்கல்ல. உரிமை கோரிய இரண்டு வேலை நாளுக்குள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கொடுக்கவில்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் வைத்துத் தருவார்கள்.