சைலன்சருக்குள் பாதி இன்ஜின்

1980களின் நடுவில் நான்கு ஜப்பானிய நூறு சி.சி. வண்டிகள் அடுத்தடுத்து இந்தியச் சாலைகளில் இறங்கின. ஓசூரில் டி.வி.எஸ். தயாரித்த இண்ட்-சுசுகி 1984இல் வந்தது. ஹீரோ ஹோண்டா சி.டி. 100, யமஹா ஆர்.எக்ஸ். 100 இரண்டும் 1985இல். பின்னாலேயே கவாசாகி பஜாஜ். நான்கில் ஹோண்டா மட்டும்தான் ஃபோர் ஸ்ட்ரோக். அதன் சிலிண்டர் 97 சி.சி., யமஹாவினுடையது 98. அளவில் வித்தியாசமே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் ஹோண்டா கொடுத்தது ஏழு குதிரைத்திறனை ஒட்டி. யமஹா கொடுத்தது 11. வண்டியின் எடையோ நூறு கிலோ அளவுதான். ஆக்ஸிலரேட்டரை முறுக்கியதும் ஆர்.எக்ஸ். அப்படிப் பாய்ந்ததற்கான காரணத்தைப் பலரும் சிலிண்டரில் தேடுவார்கள். பாதிக் காரணம் சைலன்சரில் இருக்கிறது.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு முறை எரிப்பு. டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று. அப்படியானால் திறன் இரண்டு மடங்கு வர வேண்டுமே என்று கேட்கலாம். வராது. டூ ஸ்ட்ரோக் சிலிண்டரின் தலையில் வால்வுகள் கிடையாது; சுவரில் துளைகள்தான் உண்டு. பிஸ்டன் ஏறி இறங்கும்போது தானே அவற்றைத் திறந்து மூடுகிறது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் பிஸ்டனுக்கு அடியில் உள்ள கிராங்க் கேஸுக்குள் போகிறது. பிஸ்டன் இறங்கும்போது அங்கே அழுத்தப்பட்டு, பக்கத் துளைகள் வழியாக மேலே பீறிட்டு வருகிறது. அந்த நேரத்தில் புகைத்துளையும் திறந்தே இருக்கிறது. எரிந்த புகையை வெளியே தள்ளும் வேலை புதுக் கலவையின் தலையில்தான் விழுகிறது. தள்ளும் அவசரத்தில் அதில் ஒரு பங்கு தானும் வெளியே ஓடிவிடும். போதாததற்கு, பிஸ்டன் மறுபடி ஏறும்போது முதலில் மூடுவது பக்கத் துளைகள். புகைத்துளை கடைசியில்தான் மூடும். அந்த இடைவெளியில் இன்னும் கொஞ்சம் கசிகிறது.

இங்கேதான் சைலன்சர் குழாய் குறுக்கே வருகிறது. புகைத்துளை திறந்த கணத்தில் ஓர் அழுத்த அலை வெடித்துக் கிளம்புகிறது. சூடான புகையில் அது வினாடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் ஓடும். எக்ஸ்பான்ஷன் சேம்பர் எனப்படும் குழாய் முதலில் கூம்பாக விரிகிறது. விரியும் இடத்தில் அலை உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து, மிச்சப் புகையை இழுத்து, புதுக் கலவையையும் மேலே வரவழைக்கிறது. பிறகு குழாய் எதிர்க் கூம்பாகக் குறுகுகிறது. அங்கே மோதும் அலை அழுத்தம் மாறாமல் அப்படியே திரும்புகிறது. பட்டியைத் தாண்டிய ஆட்டை மடக்கி உள்ளே விரட்டுவதுபோல, வெளியேறிய கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது. அடுத்த நொடித்துகளில் பிஸ்டன் துளையை மூடிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் நுணுக்கம் விளங்கும். ஆர்.எக்ஸ். 100 தன் உச்சத் திறனைத் தருவது நிமிடத்துக்கு 7,500 சுற்றில். ஒரு சுற்றுக்கு எட்டு மில்லி வினாடி. புகைத்துளை திறந்திருப்பது அதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. மூன்றரை மில்லி வினாடியில் அலை போய்த் திரும்ப வேண்டுமென்றால், அது ஓடக்கூடியது சுமார் 175 சென்டிமீட்டர். போகப் பாதி, வரப் பாதி. ஆக, எதிர்க் கூம்பு 85, 90 சென்டிமீட்டர் தள்ளி இருந்தாக வேண்டும். குழாயின் நீளத்தை இப்படித் தீர்மானிப்பது நேரம்தான்.

இந்த வித்தை ஜப்பானில் பிறந்ததல்ல. கிழக்கு ஜெர்மனியின் சோப்பாவ் என்ற சிறு நகரத்தில் எம்.இசட். நிறுவனப் பொறியாளர் வால்டர் காடன், வசதிகள் குறைந்த பந்தயப் பிரிவில் இதைப் பழக்கிக் கூர்தீட்டினார். 1961இல் அவருடைய 125 சி.சி. இன்ஜின் 25 குதிரைத்திறனைத் தொட்டது, லிட்டருக்கு 200. அதே ஆண்டு செப்டம்பரில், பெர்லின் சுவர் எழுந்து ஒரு மாதமே ஆன நிலையில், எம்.இசட். வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் சுவீடன் கிராண்ட் பிரீக்குப் போனவர் திரும்பவில்லை. அந்த வித்தையோடு சுசுகியில் சேர்ந்தார். மறு ஆண்டே சுசுகிக்கு 50 சி.சி. பிரிவில் உலகப் பட்டம். காடன் சோப்பாவிலேயே இருந்துவிட்டார், எம்.இசட். ஒரு கிராண்ட் பிரீ உலகப் பட்டமும் வென்றதில்லை. டூ ஸ்ட்ரோக் வண்டியைக் கொண்டாடுகிறவர்கள் ஜப்பானியப் பெயர்களுக்கு முன் இந்த மனிதரின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

சோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் அதற்கு முன்பே ஓர் உறவு உண்டு. 1955இல் வந்த யமஹாவின் முதல் மோட்டார் சைக்கிளான ஒய்.ஏ. 1, அதே ஊரில் உருவான டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125ஐப் பார்த்துச் செய்ததுதான்.

ஆனால் தெருவில் ஓட்டும் வண்டிக்கு ஏற்ப இந்தக் குழாய் வித்தையைப் பக்குவப்படுத்தியவர்கள் ஜப்பானியர்களே. பந்தயக் குழாய் ஒரு குறுகிய வேக எல்லைக்குள்தான் வேலை செய்யும். அதற்குக் கீழே இன்ஜின் சோர்ந்து கிடக்கும். மார்க்கெட்டுக்குப் போய்வரும் வண்டிக்கு அது ஒத்துவராது. கூம்புகளின் சரிவைத் தணித்து, குழாய் உதவும் வேக எல்லையை அகலமாக்கினார்கள். கலவை உள்ளே வரும் வழியில் மெல்லிய தகடுகளாலான ரீட் வால்வை வைத்தார்கள். வந்தது கார்புரேட்டர் பக்கம் திரும்பிப் போகாமல் அது தடுத்தது. குறைந்த வேகத்திலும் ஆர்.எக்ஸ். இழுத்ததற்கு இது பெரிய காரணம். ஆயிலைப் பெட்ரோலில் கலக்கும் சிரமத்தையும் யமஹா 1964இலேயே ஆட்டோலூப் பம்ப் மூலம் போக்கியிருந்தது.

இத்தனை செய்தும் ஒரு குறை தீரவில்லை. அலை சரியான நேரத்தில் திரும்புவது குறிப்பிட்ட வேகத்தில் மட்டுமே. நகரத்தில் வண்டி அந்த வேகத்தில் ஓடுவதில்லை; சிக்னலில் நிற்கிறது, ஊர்கிறது. அப்போதெல்லாம் குழாயின் உதவி கிடைப்பதில்லை. உள்ளே போன பெட்ரோலில் கால் பங்கு வரைகூட எரியாமல் வெளியேறலாம். கூடவே ஆயில் புகை. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது, 1996இல் ஆர்.எக்ஸ். 100 உற்பத்தி நின்றது. அந்த முடிவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் புகையைச் சுவாசித்தது வண்டி ஓட்டியவர் மட்டுமல்ல.

இன்றும் நம் ஊர்களில் ஆர்.எக்ஸ். வைத்திருப்பவர்கள் அதைப் பிள்ளைபோல வளர்க்கிறார்கள். அவர்களில் சிலர் சத்தத்துக்காகச் சைலன்சரை வெட்டுவதைப் பார்க்கும்போதுதான் மனம் பதறுகிறது. வெட்டிய குழாயில் அலை மோதித் திரும்ப எதிர்க் கூம்பு இருக்காது. சத்தம் கூடும், திறன் குறையும், பெட்ரோல் காற்றில் போகும். சைலன்சரைச் சுட்டுக் கரி எடுத்துக் கொடுத்த பழைய மெக்கானிக்குகள் செய்ததே சரியான வைத்தியம். டூ ஸ்ட்ரோக் ஆயிலின் கரி உள்ளே படிந்து வழியை அடைக்கும்போது, அந்த அலைகளின் கணக்கும் கெட்டுவிடும். வண்டி இழுவை குறைந்தால் போர், பிஸ்டன் என்று இறங்குவதற்கு முன், குழாயைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.