பெட்டியைத் திறந்தால் 1970

1969-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், தலா 50 கோடி ரூபாய்க்குக் குறையாத வைப்புத்தொகை கொண்டிருந்த 14 வங்கிகள் ஓர் அவசரச் சட்டத்தின் வாயிலாக நாட்டுடைமை ஆக்கப்பட்டன. வங்கிப் பணியாளர்கள் மறவாத நாள் அது. கடந்த ஜூலையில் திருப்பதியிலுள்ள எங்கள் கிளையில் அந்நாளைக் கொண்டாட எண்ணியபோது, இளம் அலுவலர்கள் ஒரு நிபந்தனை விதித்தனர்: மாலை விருந்துக்கு வருவோர் அனைவரும் 1970-களின் உடையில் வரவேண்டும். மூத்தவர்களாகிய நாங்கள் மறு நிபந்தனை ஒன்றைச் சேர்த்தோம்: ஒருவரும் 500 ரூபாய்க்கு மேல் செலவிடக் கூடாது. ஒரு மாலைப் பொழுதுக்காக வாங்கிய உடைக்கு ஆறு மாதம் தவணை கட்டுவோரைக் கவுன்ட்டருக்கு இப்புறமிருந்து நாங்கள் பார்த்து வருகிறோம் அல்லவா!

ஆடவர் பாடு எளிதாகவே முடிந்தது. பழைய கால்சட்டையின் பக்கத் தையலை முழங்காலிலிருந்து கீழே பிரித்து, அதில் முக்கோணத் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தால் பெல்பாட்டம் ஆகிவிடும். காந்தி வீதியை ஒட்டிய சந்தில் இருக்கும் முதிய தையற்காரர், அடிச்சுற்று 24 அங்குலம் இருந்தால்தான் நடக்கும்போது துணி வீசும் என்று கூறி, ஒன்றுக்கு 150 ரூபாய் வாங்கிக்கொண்டார். அகன்ற காலர் சட்டைகள் தந்தையரின் பெட்டிகளில் கிடைத்தன. சாவி கொடுத்து ஓடும் எச்.எம்.டி. கைக்கடிகாரங்கள் மூன்று வந்து சேர்ந்தன, ஒன்று ஓடியது. இடர் நேர்ந்தது கிருதாவில்தான். எங்கள் தலைமைக் காசாளர் முந்திய வாரமே திருமலையில் முடிகாணிக்கை செலுத்தியிருந்தார். அவருக்குப் புருவ மையால் கிருதா வரைய வேண்டியதாயிற்று.

அப்பெட்டிகளில் கிடைத்த சட்டைகளில் பெரும்பாலானவை டெரிலின். 1941-இல் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்ட பாலியெஸ்டர் இழைக்கு ஐ.சி.ஐ. நிறுவனம் சூட்டிய வணிகப் பெயர் அது. கசங்காது, இஸ்திரி வேண்டாம், துவைத்தால் விரைவில் உலரும் என்பதால் மாத ஊதியக்காரர்கள் அதனைக் கொண்டாடினர். பருத்தி தன் எடையில் சுமார் 8 விழுக்காடு ஈரத்தை ஏற்கும்; பாலியெஸ்டரோ அரை விழுக்காடுகூட ஏற்பதில்லை. திருப்பதியின் ஜூலைப் புழுக்கத்தில் இந்தக் கணக்கை எங்கள் முதுகுகள் நன்கு உணர்ந்தன.

மகளிர் உடையில்தான் எதிர்பாராத செய்தி ஒன்று காத்திருந்தது. எங்களுடன் பணிபுரியும் நகரியைச் சேர்ந்த பெண் எழுத்தர் தம் அன்னையாரிடம் பழைய புடவை கேட்டுத் தொலைபேசியில் பேசினார். "ஒன்றே ஒன்று இருக்கிறதம்மா. ஜரிகைக்காரர் நாளைக் காலையில் வருகிறார், அவருக்குத்தான் எடுத்து வைத்திருக்கிறேன்" என்றாராம் அன்னையார். பழைய ஜரிகைப் புடவைகளை வாங்கி, எரித்து, வெள்ளியைப் பிரித்தெடுக்கும் வணிகர்கள் இன்றும் எங்கள் பக்கத்து ஊர்களில் தெருவழியே வருவதுண்டு. அன்று மாலையே அவர் பேருந்து ஏறி நகரிக்குச் சென்றார்.

அது வெங்கடகிரிப் புடவை. வெலுகோட்டி ஜமீன்தார்களின் ஆதரவில் வளர்ந்த நெசவு; மெல்லிய பருத்தியில், கொடியும் பூவும் தறியிலேயே ஜாம்தானி முறையில் கோக்கப்படும். அவ்வூர் 2022 ஏப்ரல் முதல் எங்கள் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன் முலாம் பூசுவதே அந்நாளைய ஜரிகை. காலஞ்சென்ற தந்தையார் 1972-இல் பெற்ற முதல் போனஸில் அதனை வாங்கித் தந்தாராம். "இனி யார் கட்டப் போகிறார்கள்?" என்பதே அன்னையாரின் கேள்வி. வணிகர் சொன்ன விலை இரண்டாயிரத்தைத் தொடவில்லை. விலை கேட்டுச் சற்றே தயங்கியதாகவும், கையிலெடுத்துப் பார்த்தபின் தயக்கம் நீங்கியதாகவும் அவர் ஒளிவின்றிக் கூறினார்.

எனினும் அதைக் கட்டிக்கொள்வதில் சிக்கல் இருந்தது. ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்ததால் ஜரிகை மடிப்பு வரிகளில் விரிசல் கண்டிருந்தது; இழுத்துக் கட்டினால் கிழிந்துவிடும். எனவே விரிசல் கண்ட இடங்களில் உட்புறமாக மெல்லிய மல்துணி வைத்துக் கையால் தைத்தோம். கொசுவத்தை அரையிழுப்பில் நிறுத்தி, ஊசிகளைப் புடவையில் குத்தாமல் ரவிக்கையோடு மட்டும் நிறுத்தினோம். வாசனைத் திரவியம் தெளிக்கவில்லை; வெள்ளி கறுத்துவிடும். இத்தகைய புடவைகளை வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் பிளாஸ்டிக் உறையைத் தவிர்த்துப் பருத்தித் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைப்பது நலம். பாச்சை உருண்டை ஜரிகையைத் தொடலாகாது.

விருந்துக்கு அன்னையாரையும் அழைத்திருந்தோம். மகள் படியேறி வருவதைக் கண்டதும் எழுந்து சென்று, எல்லார் முன்னிலையிலும் முந்தானையைச் சரிசெய்தார். "இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் ஏற்றியிருப்பேன் நான்" என்றார். சிறந்த உடைக்கான பரிசு கிருதா வரைந்த காசாளருக்கே போயிற்று.

ஆகஸ்டில் ஜரிகைக்காரர் மீண்டும் அந்தத் தெருவுக்கு வந்தாராம். வீட்டில் பழைய ஜரிகை எதுவும் இல்லை என்று அன்னையார் சொல்லி அனுப்பிவிட்டாராம்.