சேற்றில் பாடம் நடத்தும் ‘நீர்நாய் மனிதர்’

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் கற்பிக்கும் என். சிவசோதியை இயற்கை ஆர்வலர்கள் ‘நீர்நாய் மனிதர்’ என்றே அழைப்பர். நீர்நாய்களை ஆராய்ந்தவர்; சைக்கிளோட்டப் பிரியர்.

விலங்குகளின் நடத்தை, சுற்றுச்சூழல் எனப் பாடம் நடத்தும் அவர், வகுப்பறையோடு நிற்பதில்லை. அனைத்துலகக் கடலோரத் துப்புரவு இயக்கத்தின் சிங்கப்பூர் ஒருங்கிணைப்பாளராகப் பல ஆண்டுகள் தொண்டூழியர்களைச் சதுப்புநிலக் காடுகளுக்கு அழைத்துச் சென்றவர்.

அங்கே குப்பையைப் பொறுக்கினால் மட்டும் போதாது. பை, போத்தல், உறிஞ்சுகுழல் என வகைபிரித்து எண்ணிக் குறிக்க வேண்டும். எது அதிகம் எனத் தெரிந்தால்தான் அதை எங்கே தடுக்கலாம் என யோசிக்க முடியும்.

காணாமற்போயிருந்த நீர்நாய்கள் 1990களில் சிங்கப்பூருக்குத் திரும்பின. இன்று மரினா பேயிலும் நீந்துகின்றன. அவை நிலைக்க, நீர்நிலைகள் தூய்மையாக இருக்க வேண்டும். நீர்நாயைக் கண்டால் உணவு கொடுக்காமல் எட்ட நின்று ரசிப்போம்.