‘வாங்கு’ என்னும் பொத்தான்: மின்னிலக்கப் பொருள்களும் நம் உடைமையும்

கடையில் ஒரு புத்தகத்தை விலை கொடுத்து வாங்குகிறோம். அதனைப் படிக்கலாம், நண்பருக்கு இரவல் தரலாம், பழைய புத்தகக் கடையில் விற்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். பதிப்பகமே மூடப்பட்டாலும் புத்தகம் நம் அலமாரியில் இருக்கும். இந்த வழக்கத்தில் ஊறிய நாம், திரையில் ‘வாங்கு’ என்னும் பொத்தானை அழுத்தும்போதும் அதே உரிமைகள் நம்மை வந்தடைவதாகவே எண்ணிக்கொள்கிறோம். தொழில்நுட்ப உலகிலிருந்து அண்மை ஆண்டுகளில் வந்த செய்திகள் சிலவற்றை ஒருசேர வைத்துப் பார்த்தால், அந்தப் பொத்தானுக்குப் பின்னால் நிகழ்வது பெரும்பாலும் வேறொரு செயல் என்பது புலனாகும். அதற்கு உரிமம் பெறுதல் என்று பெயர். அச்செய்திகளைத் தொகுத்து, சொல்லுக்கும் அது குறிக்கும் பொருளுக்கும் இடையே விழுந்துள்ள இடைவெளியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வட்டு இருக்கிறது, விளையாட்டு இல்லை

பிரெஞ்சு நிறுவனமான யூபிசாஃப்ட், 2014 டிசம்பரில் ‘தி குரூ’ என்னும் கார்ப் பந்தய விளையாட்டை வெளியிட்டது. அமெரிக்க நாட்டைச் சுருக்கி வரைந்த நிலப்பரப்பில் கடற்கரைக்குக் கடற்கரை வண்டி ஓட்டலாம் என்பது அதன் சிறப்பு. தனியாக விளையாடுபவரும் நிறுவனத்தின் சேவையகத்துடன் இடையறாத இணையத் தொடர்பில் இருந்தாக வேண்டும் என்பது அதன் கட்டமைப்பு. 2023 டிசம்பரில் விற்பனை நிறுத்தப்பட்டது. 2024 மார்ச் 31ஆம் நாள் சேவையகங்கள் அணைக்கப்பட்டன. அன்றுமுதல் பதிவிறக்கம் செய்தவருக்கும் வட்டாக வாங்கியவருக்கும் அந்த விளையாட்டு இயங்கவில்லை. வட்டு கையில் இருந்தது. அதனுள் இருந்ததைத் திறக்கும் சாவி வேறொருவரின் கட்டடத்தில் இருந்தது.

இந்நிகழ்வையொட்டி, யூடியூபில் காணொளிகள் வெளியிட்டுவரும் ராஸ் ஸ்காட் என்பவர் 2024 ஏப்ரலில் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். அதன் தொடர்ச்சியாக ஐரோப்பிய ஒன்றியத்தில் முன்வைக்கப்பட்ட குடிமக்கள் மனு, 2025 ஜூலையில் பத்து இலட்சம் கையொப்பங்களைக் கடந்தது. சேவையகங்களை என்றென்றும் நடத்துங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. ஆதரவை நிறுத்தும் நாளில், விலை கொடுத்தவர்கள் தொடர்ந்து விளையாடக்கூடிய நிலையில் அதனை விட்டுச் செல்லுங்கள் என்பதே கோரிக்கை.

இது புதிய சிக்கலன்று

2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், தன் கிண்டில் கருவிகளிலிருந்து ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகிய நூல்களின் குறிப்பிட்ட மின்பதிப்புகளைத் தொலைவிலிருந்தே அழித்தது. உரிய பதிப்புரிமை இல்லாத ஒருவர் அவற்றை விற்பனைக்கு வைத்திருந்ததே காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். எனினும், அச்சு நூலில் தவறு நேர்ந்தால் எந்தப் பதிப்பகத்தாரும் நம் வீட்டுக்குள் நுழைந்து அலமாரியைக் காலி செய்வதில்லை. மின்னூலில் அது இயலும் என்பதை உலகம் அன்று அறிந்தது.

பத்தாண்டுகள் கழித்து, 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் நூல்களும் உடன் மறைந்தன. பணம் திருப்பித் தரப்பட்டது. 2023 டிசம்பரில், டிஸ்கவரி நிறுவனத்தின் நிகழ்ச்சிகளை விலைக்கு வாங்கியிருந்த பிளேஸ்டேஷன் பயனீட்டாளர்களிடம், அவை ஆண்டிறுதியில் நீக்கப்படும் என்று சோனி அறிவித்தது. கண்டனம் எழுந்தது. புதிய உரிம ஒப்பந்தம் ஏற்பட்ட பின்னர் அறிவிப்பு மீட்டுக்கொள்ளப்பட்டது. கூகல் நிறுவனத்தின் ‘ஸ்டேடியா’ விளையாட்டுச் சேவை 2019 நவம்பரில் தொடங்கி 2023 ஜனவரியில் மூடப்பட்டது. ஆயினும் அங்கு வாங்கிய விளையாட்டுகளுக்கும் கருவிகளுக்கும் கூகல் பணத்தைத் திருப்பியளித்தது. மூடுவதிலும் முறை உண்டு என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

இவற்றுள் சில நன்றாக முடிந்தன. சில அவ்வாறு முடியவில்லை. முடிவு எவ்வாறு அமையும் என்பதைத் தீர்மானித்தவர் எந்த நிகழ்விலும் வாங்கியவர் அல்லர். அதுவே இவற்றின் பொதுத்தன்மை.

ஏன் இவ்வாறு நிகழ்கிறது?

முதற்காரணம் படி எடுத்தல். புத்தகத்தைக் கைமாற்றினால் அது நம்மிடமிருந்து போய்விடுகிறது. மின்கோப்பை அனுப்பினால் நம்மிடமும் ஒன்று எஞ்சுகிறது. எனவே கோப்பை விற்பதற்கு மாறாக, அதனைப் பயன்படுத்தும் அனுமதியை மட்டும் வழங்கும் வழியை நிறுவனங்கள் கைக்கொண்டன. நீதிமன்றங்களும் இதில் ஒரே கோட்டில் நிற்கவில்லை. பதிவிறக்கம் செய்து, கால வரம்பின்றிப் பயன்படுத்தும் உரிமத்துடன் வாங்கிய மென்பொருளை மறுவிற்பனை செய்யலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. மின்னூலுக்கு அவ்வாறு இயலாது என்று அதே நீதிமன்றம் 2019இல் கூறியது.

இரண்டாவது காரணம் அடுக்கடுக்கான உரிமங்கள். பந்தய விளையாட்டு ஒன்றில் உண்மையான கார்களின் பெயரும் வடிவமும் இருக்கும். பின்னணியில் புகழ்பெற்ற பாடல்கள் ஒலிக்கும். இவற்றை விளையாட்டு நிறுவனமே குறிப்பிட்ட காலத்திற்குத்தான் பெற்றிருக்கக்கூடும். தன்னிடம் நிலையாக இல்லாததை அது பிறருக்கு நிலையாக விற்க இயலாது.

மூன்றாவது காரணம் செலவு. சேவையகத்திற்கு மின்சாரம், பராமரிப்பு, பாதுகாப்பு, ஆள்பலம் யாவும் தேவை. ஐரோப்பிய விளையாட்டுத் தொழில் அமைப்பு, மேற்கண்ட மனுவுக்கு மறுமொழியாக, விளையாட்டாளர்கள் தாமே சேவையகம் நடத்துவது எல்லா நேரத்திலும் ஏற்ற தீர்வாகாது என்றும், தரவுப் பாதுகாப்பும் சட்டவிரோத உள்ளடக்கத்தை நீக்கும் பொறுப்பும் கேள்விக்குள்ளாகும் என்றும் வாதிட்டது. இவ்வாதத்தை எளிதாகப் புறந்தள்ள இயலாது. எனினும், யூபிசாஃப்ட் நிறுவனமே 2024 செப்டம்பரில், ‘தி குரூ 2’ உள்ளிட்ட அடுத்த விளையாட்டுகளுக்கு இணையமின்றி இயங்கும் முறை கொண்டுவரப்படும் என அறிவித்தது. மனமும் முன்திட்டமும் இருந்தால் வழி பிறக்கும் என்பதற்கு அவ்வறிவிப்பே சான்று.

கையில் பிடிக்கும் பொருளிலும் இம்மாற்றம்

வட்டும் அட்டையும் வாங்கினால் இத்தொல்லை இராது என்று சிலர் கருதலாம். 2025 ஜூனில் வெளிவந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கருவிக்கான விளையாட்டுகளுள் சில, ‘கேம் கீ’ அட்டைகளாக விற்கப்படுகின்றன. அட்டையில் முழு விளையாட்டு இருப்பதில்லை. அட்டையைச் செருகியபின் இணையத்திலிருந்து அதனைப் பதிவிறக்க வேண்டும். பிறகு விளையாடும் ஒவ்வொரு முறையும் அட்டையையும் செருகியிருக்க வேண்டும். இவ்வட்டையை இரவல் கொடுக்கலாம், விற்கலாம் என்பது நன்மை. பதிவிறக்க வசதி உள்ளவரைதான் அது புதியவருக்குப் பயன்படும் என்பது வரம்பு. உறையின் முகப்பில் இச்செய்தி அச்சிடப்பட்டிருக்கிறது. வாங்குவோர் அதனைப் படித்தல் நலம்.

கணினிக்கும் இது பொருந்தும். 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடித்துக்கொண்டது. கணினி தொடர்ந்து இயங்கும். ஆயினும் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடும். நீட்டிப்புத் திட்டத்தில் சேர்வோர்க்கு மட்டும் மேலும் சில காலம் அவை கிட்டும். பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 கோரும் பாதுகாப்புச் சில்லு இல்லை. கருவி நம்முடையது, அதன் பயன்பாட்டுக் காலத்தைக் கணிப்பவர் வேறொருவர்.

சொல்லையே ஒழுங்குபடுத்திய சட்டம்

இப்பின்னணியில் கலிஃபோர்னியா மாநிலம் 2024 செப்டம்பரில் ஒரு சட்டம் இயற்றியது. 2025 ஜனவரி 1 முதல் அது நடப்பில் உள்ளது. உரிமம் மட்டுமே வழங்கும் மின்னிலக்கப் பொருளுக்கு ‘வாங்கு’ என்பதுபோன்ற சொல்லை விளம்பரத்திலோ விற்பனையிலோ பயன்படுத்தக்கூடாது என்கிறது அச்சட்டம். பயன்படுத்த விரும்பினால், வாங்குவது உரிமமே என்பதைத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும், அல்லது வாங்குபவரின் ஒப்புதலைப் பெறவேண்டும். நிலையாகப் பதிவிறக்கி, இணையமின்றிப் பயன்படுத்தக்கூடிய பொருள்களுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. சட்டம் நடப்புக்கு வருமுன்பே, 2024 அக்டோபரில், கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம், தான் தருவது உரிமமே என்னும் குறிப்பைப் பணம் செலுத்தும் பக்கத்தில் சேர்த்தது.

இச்சட்டம் எவரையும் சேவையகம் நடத்தச் சொல்லவில்லை. எந்த விளையாட்டையும் காப்பாற்றவில்லை. ஒரு வினைச்சொல்லை நேர்மையாகப் பயன்படுத்துமாறு மட்டுமே கேட்கிறது. மொழியார்வம் கொண்ட நாம் கருதிப் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

தமிழில் எப்படிச் சொல்வது?

தமிழில் ‘வாங்கு’ என்னும் சொல், பெறுதல் என்னும் விரிந்த பொருளுடையது. கடன் வாங்குகிறோம், இரவல் வாங்குகிறோம், நற்பெயரும் வாங்குகிறோம். உடைமையாகப் பெற்றதை ஐயமறச் சொல்ல விரும்பினால் ‘விலைக்கு வாங்கினேன்’ என்போம். முழு உடைமைக்கும் முழு இன்மைக்கும் இடையில் உள்ள நிலைகளைக் குறிக்கவும் நம்மிடம் சொற்கள் உண்டு. வாடகை என்றால் தவணைதோறும் பணம், செலுத்தும்வரை பயன்பாடு. குத்தகை என்றால் காலவரையறை முன்பே பேசப்படும். ஒத்தி என்றால் மொத்தப் பணம் கொடுத்து அனுபவித்து, காலம் முடிந்ததும் கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறலாம். நிலத்தையும் வீட்டையும் கையாண்ட நம் முன்னோர், யாருக்கு எது, எதுவரை என்பதை ஒரு சொல்லிலேயே தெளிவுபடுத்தினர்.

மின்னிலக்க உரிமம் இவற்றுள் எதனோடும் முழுமையாகப் பொருந்தவில்லை. விற்பனையைப்போல் முழுப்பணமும் முன்னரே வாங்கப்படுகிறது. குத்தகையைப்போல் பயன்பாடு வரையறுக்கப்படுகிறது. ஆனால் அது முடியும் நாள் கூறப்படுவதில்லை. ஒத்தியைப்போல் பணம் திரும்புமா என்றால், அதற்கும் உறுதி இல்லை. மூன்று ஏற்பாடுகளிலும் கொடுப்பவருக்கு எது எளிதோ அது மட்டும் ஒன்றுசேர்ந்திருக்கிறது என்று கூறினால் மிகையாகாது.

‘உரிமை’, ‘உரிமம்’ ஆகிய இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. உரிமை நம்முடையது. உரிமமோ பிறர் நமக்கு அளிப்பது, ஓட்டுநர் உரிமத்தையும் வணிக உரிமத்தையும்போல் நிபந்தனைக்கு உட்பட்டது, மீட்டுக்கொள்ளப்படக்கூடியது. இவ்வேறுபாட்டை நம் மொழி ஏற்கெனவே வகுத்து வைத்திருக்கிறது. செயலிகளையும் மின்கடைகளையும் தமிழாக்கம் செய்வோர், இடத்திற்கேற்ப ‘உரிமம் பெறுக’, ‘வாடகைக்கு எடுக்க’, ‘விலைக்கு வாங்குக’ எனப் பிரித்து எழுதினால், ஆங்கிலப் பொத்தான் மறைப்பதைத் தமிழ்ப் பொத்தான் தெளிவாக்கும்.

நாம் செய்யத்தக்கவை

பணம் செலுத்துமுன் நான்கு வினாக்களைக் கேட்டுக்கொள்ளலாம். இணையமின்றி இது இயங்குமா? நிறுவனம் மூடப்பட்டால் நம்மிடம் என்ன எஞ்சும்? இதனைப் பிறருக்குக் கொடுக்கவோ விற்கவோ இயலுமா? கோப்பாகப் பதிவிறக்கி நம் சேமிப்புக் கருவியில் வைத்துக்கொள்ளலாமா? ஜிஓஜி போன்ற சில கடைகள், பூட்டில்லாத நிறுவற்கோப்புகளாக விளையாட்டுகளை விற்கின்றன. அத்தகைய இடங்களில் வாங்கினால், வாங்கிய அன்றே கோப்பைப் படியெடுத்துப் பாதுகாத்தல் வேண்டும். இவ்வினாக்களுக்கு ‘இல்லை’ என்னும் விடையே கிடைத்தாலும் வாங்கலாம். திரையரங்கச் சீட்டும் நிலையான உடைமை அன்று. எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதை அறிந்து கொடுத்தல் வேண்டும், அவ்வளவே.

தனிமனிதப் பணத்தைக் கடந்த இழப்பும் இதில் உண்டு. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடைகளில் கிடைப்பதில்லை என்று ‘வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்’ 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. அவற்றுட்பலவும் வட்டாகவோ பொதியுறையாகவோ விற்கப்பட்டவை என்பதால், சேகரிப்பாளர்களிடமும் ஆவணக்காப்பகங்களிலும் தேடினால் ஒருவேளை கிடைக்கலாம். சேவையகத்தில் மட்டும் வாழும் இன்றைய படைப்புகளுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. ஓவியரும் இசையமைப்பாளரும் கதாசிரியரும் நிரலாளரும் ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கிய படைப்பு, ஒரு நாள் மாலையில் அணைக்கப்பட்டால், அதனை ஆராய விரும்பும் மாணவருக்கு எஞ்சுவது அதைப் பற்றிய காணொளிகளே.

ஓலைச்சுவடிகள் செல்லரித்து எத்தனையோ நூல்களை இழந்தவர்கள் நாம். படியெடுப்பவர் இருந்த நூல் பிழைத்தது. படியெடுக்கப்படாத நூல் அழிந்தது. இன்று படியெடுத்தல் முன்னெப்போதையும்விட எளிது. அதற்கு இசைவு தரும் ஏற்பாடுதான் அரிதாகிவருகிறது. சட்டம் இயற்றுவோரும் நூலகத்தாரும் பயனீட்டாளர் சங்கத்தாரும் அவ்வேற்பாட்டைக் குறித்துப் பேசத் தொடங்கும்போது, நடப்பது விற்பனையா, வாடகையா, உரிமமா என்பதை அதனதன் பெயரால் அழைப்பதே முதற்பணியாகும்.