பயறும் அரிசியும் ஒரே பானையில்

திண்டுக்கல் என்றாலே பிரியாணி என்பார்கள். எங்கள் வேடசந்தூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டு வீடுகளில் அடிக்கடி மணப்பது என்னவோ தட்டைப்பயறு சாதந்தான். சோளத்துக்கு ஊடே விதைத்த பயறு வீட்டிலேயே இருக்கும்போது கடைக்கு எதற்கு ஓடுவானேன்?

மருமகளுக்கு ஐந்தாம் மாதம். ரத்தம் குறைவு என்று டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்தார். கறி வாசனையே அவளுக்கு ஆகவில்லை. "பயறு வாயுங்க அத்தை" என்று அதையும் ஒதுக்கினாள். இப்படிச் செய்து போட்டேன். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அரை ஆழாக்குப் பயறை ராத்திரியே ஊறப் போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வாயுத் தொல்லை குறையும். புதுத் தண்ணீரில் முக்கால் வேக்காடு வேக விடுங்கள். தக்காளியை இதில் போடாதீர்கள். புளிப்புப் பட்டால் பயறு சீக்கிரம் வேகாது. குக்கரில் நல்லெண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், வரமிளகாய், பூண்டு, கை நிறையச் சின்ன வெங்காயம், கடைசியில் தக்காளி என்று வதக்கி, மஞ்சள்தூள், உப்பு, ஒன்றரை ஆழாக்கு அரிசி, வெந்த பயறு சேருங்கள். பயறு வெந்த தண்ணீரையும் சேர்த்து நாலு ஆழாக்குத் தண்ணீர். மூன்று விசில் போதும்.

அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற புரதக்கூறு பயறில் தாராளம். கியூபாவில் கறுப்பு பீன்ஸோடு அரிசி சேர்த்துச் சமைப்பதும் இதே ஜோடிதான்.

தட்டில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால் பயறின் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காபி, டீ வேண்டாம். ஒரு மணி நேரமாவது போகட்டும். சாதம் சாப்பிடுகிறோமே என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அதற்கு இது ஈடல்ல.

தொட்டுக்கொள்ள மோர்மிளகாய் போதும். எங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் அப்பளமும் பொரித்தாக வேண்டும்!