சூட்டிய பெயரும் சூடிய பெயரும்

தமிழ் இலக்கண நூலார் பெயர்களை இடுகுறிப் பெயர் என்றும் காரணப் பெயர் என்றும் பகுத்தனர். பெற்றோர் நமக்குச் சூட்டிய பெயர் ஒன்று. இக்காலத்தில் கைப்பேசியில் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் முதலியவற்றில் நாமே விரும்பிச் சூடிக்கொள்ளும் பெயர் மற்றொன்று. இதனை வெறும் இடுகுறி என்று தள்ளிவிட இயலாது. ஒருவர் முகப்புப் படமாகக் கஅபாவை வைக்கிறார். நிறைவேறாத ஹஜ்ஜின் ஏக்கம் அதில் இருக்கலாம். மற்றொருவர் மறைந்த வாப்பாவின் படத்தை வைக்கிறார். ஒரு தாய் தன் பெயரை விடுத்து ‘உம்மு ஆயிஷா’ என மகளின் பெயரால் தன்னைக் குறிக்கிறார். காண்போருக்கு அது ஒரு பெயர். வைத்தவருக்கோ ஒரு வரலாறு.

இது புதிய வழக்கமன்று. ‘இன்னாரின் தந்தை’, ‘இன்னாரின் தாய்’ என்று அழைப்பதை அரபு மக்கள் குன்யத் என்பர். ஹிஜ்ரீ 7ஆம் ஆண்டு, கைபர் போர்க் காலத்தில், மதீனா வந்து சேர்ந்த தவ்ஸ் குலத்து நபித்தோழரின் இயற்பெயர் அப்துர் ரஹ்மான் என்பர் பலர். உலகம் அவரை அபூஹுரைரா (ரலி) என்றே அறியும். ஆடு மேய்த்த நாளில் அவரிடம் ஒரு பூனைக்குட்டி இருந்தது. இரவில் அதனை ஒரு மரத்தில் விட்டுவைப்பார். பகலில் உடன் கொண்டுசென்று விளையாடுவார். அதனால் ‘பூனைக்குட்டியின் தந்தை’ எனப் பெயர் பெற்றார். 5,000க்கும் மேற்பட்ட ஹதீஸ்களை நமக்கு அறிவித்த அப்பெருந்தகையின் பெயரில் இன்றளவும் அச்சிற்றுயிரின் மீதிருந்த பரிவு வாழ்கின்றது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை. தம் தோழியர் அனைவருக்கும் குன்யத் இருக்கிறதே என்று அவர்கள் கூறியபோது, சகோதரி அஸ்மா (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ்வின் பெயரால் குன்யத் சூடிக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளினார்கள். ‘உம்மு அப்துல்லாஹ்’ என்னும் பெயர் இவ்வாறு பிறந்தது. பிள்ளையில்லாத பெண்ணைக் குத்திப் பேசும் நாவுகள் நம் இல்லங்களிலும் உண்டு. அவளுக்கும் ‘தாய்’ என்னும் பெயரை நல்கிய அந்தக் கருணையை அந்நாவுகள் எண்ணிப் பார்க்கட்டும்.

ஒரு பெயரை ஏளனமாக்க நினைத்தவர்களும் அன்றே இருந்தனர். ஒருநாள் இல்லத்தில் நேர்ந்த சிறு மனத்தாங்கலால் ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்கள் வெளியேறிப் பள்ளிவாசலில் படுத்திருந்தார்கள். மேலாடை நழுவி முதுகில் மண் படிந்திருந்தது. தேடி வந்த பெருமானார் (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தால் அம்மண்ணைத் துடைத்தவாறே, ‘அபூதுராப்’, அதாவது ‘மண்ணின் தந்தை’ என அழைத்து எழுப்பினார்கள். பிற்காலத்தில் பகைவர்கள் அப்பெயரையே இழிசொல்லாக்க முயன்றனர். அலீ (ரலி) அவர்களுக்கு அதனினும் உவப்பான பெயர் வேறில்லை என்று கூறி, அதன் வரலாற்றை எடுத்துரைத்தார்கள் ஸஹ்ல் இப்னு ஸஅது (ரலி) அவர்கள்.

அஸ்மா (ரலி) அவர்களுக்கும் அதுவே நேர்ந்தது. கி.பி. 622இல் ஹிஜ்ரத்தின்போது பயண உணவைக் கட்டக் கயிறின்றித் தம் இடுப்புக் கச்சையை இரண்டாகக் கிழித்துக் கட்டியதால் ‘இரு கச்சையுடையார்’ என்று பெயர் பெற்றார்கள். பின்னாளில் ஷாம் நாட்டினர் அப்பெயரைச் சொல்லி அவர்களின் மகனை எள்ளினர். அன்னையோ அப்பெயரின் காரணத்தை மகனுக்கு விளக்கினார்கள்; இகழ்ச்சி பெருமையாயிற்று. வரலாறு அறியாதவனே பெயரை எள்ளுகிறான்.

திருமறையின் 49ஆவது அத்தியாயமாகிய அல்ஹுஜுராத், 11ஆம் வசனத்தில், பட்டப்பெயர்களால் ஒருவரையொருவர் இழித்துரைப்பதைத் தடுக்கின்றது. நம் கைப்பேசியைத் திறந்து, பிறரின் எண்களை என்ன பெயரிட்டுச் சேமித்திருக்கிறோம் என்று பார்ப்போமாக. ‘நொண்டி’, ‘கருவாயன்’ என்றெல்லாம் இருக்குமாயின், அவர் காணமாட்டார் என்பது நமக்கு விடுதலையாகுமா? அல்லாஹ் காண்கிறான்.

இன்னொரு தீங்கு இதனினும் கொடிது. பிறருடைய பெயரையும் படத்தையும் எடுத்துத் தம்முடையதாகக் காட்டி ஏமாற்றுவோரும், பொய்ப்பெயரில் ஒளிந்து பெண்கள்மீது அவதூறு எழுதுவோரும் பெருகியுள்ளனர். அயல்நாட்டு மன்னர்களுக்குக் கடிதம் விடுக்க நபி (ஸல்) அவர்கள் எண்ணியபோது, முத்திரையில்லாக் கடிதத்தை அவர்கள் ஏற்கமாட்டார்கள் எனச் சொல்லப்பட்டது. எனவே வெள்ளி மோதிரமொன்று செய்யப்பட்டு, ‘முஹம்மது ரஸூலுல்லாஹ்’ என்பது மூன்று வரிகளில் பொறிக்கப்பட்டது. அதே வாசகத்தை வேறெவரும் தம் மோதிரத்தில் பொறிக்கலாகாது என்றும் தடுத்தார்கள். ஒருவரின் அடையாளம் அமானிதம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

புனைபெயர் வைத்தல் குற்றமன்று. தன் பாதுகாப்பைக் கருதி ஒரு பெண் தன் படத்துக்குப் பதிலாக ரோஜா மலரை வைப்பதும் குற்றமன்று. பிறரை வதைக்கப் பெயரைத் திரையாக்குவதே குற்றம். மக்களிடமிருந்து அத்திரை மறைக்கலாம். மனிதன் மொழியும் ஒவ்வொரு சொல்லையும் பதியும் வானவர்களிடமிருந்து மறைக்காது.

ஆகவே, இளைஞர்களே, நீங்கள் சூடும் பெயரின் காரணத்தை உங்கள் உம்மாவிடமும் பிள்ளைகளிடமும் நாணமின்றிச் சொல்ல முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சொல்ல முடிந்தால் அது நற்பெயர். நம் பெயர்களையும் அவற்றின் பின்னுள்ள உள்ளங்களையும் வல்ல அல்லாஹ் அழகாக்கி அருள்வானாக! ஆமீன்.