சுங்குடிக்காக யார் பேச வேண்டும்?

மதுரையில் சௌராஷ்டிர சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாகக் கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்து உருவாக்கிவரும் சுங்குடிச் சேலைக்கு 2005ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆயினும் புள்ளிகளை அச்சில் பதித்த மலிவான துணியும் அதே பெயரில் விற்கப்படுவதால், வாங்க வருபவருக்கு இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எளிதில் புலப்படுவதில்லை. இந்நிலையில் மதுரையின் பசுமலைப் பகுதியில் இருந்தபடி அசல் சுங்குடியை இணையத்தில் விற்க முனையும் ஒரு சிறு வணிகர், தமது சரக்கைப் பற்றி எடுத்துச் சொல்ல எந்த யூடியூபரை, எந்த இன்ஸ்டாகிராம் படைப்பாளியை அணுகுவது என்ற கேள்வியை எதிர்கொள்கிறார். விளம்பரத்துக்கு அவர் ஒதுக்கிய தொகை பயன் தருமா, வீணாகுமா என்பது பெரும்பாலும் இந்த ஒரு தேர்வைப் பொறுத்தே அமைகிறது.

கன்டென்ட் கிரியேட்டர் என்று இன்று குறிப்பிடப்படும் படைப்பாளி, சமையல், பயணம், உடை, வேளாண்மை போன்ற ஏதேனும் ஒரு துறையில் தொடர்ந்து காணொளிகளை வெளியிட்டுத் தமக்கென ஒரு பார்வையாளர் வட்டத்தை உருவாக்கிக்கொண்டவர். அவரிடம் வணிகர் விலை கொடுத்துப் பெறுவது அந்த வட்டத்தின் நம்பிக்கையை. அந்த நம்பிக்கைக்குத் துறை சார்ந்த எல்லை உண்டு என்பது சமூக ஊடகங்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே அறியப்பட்ட செய்தி. அமெரிக்காவின் டிகேட்டர் நகரத்துப் பெண்களிடையே நடத்திய ஆய்வை எலிஹு காட்ஸ், பால் லாசர்ஸ்ஃபெல்ட் ஆகிய இருவரும் 1955இல் நூலாக வெளியிட்டபோது, வீட்டுப் பொருள்களைப் பற்றிப் பிறர் யோசனை கேட்கும் பெண்ணிடமே உடையைப் பற்றியும் அரசியலைப் பற்றியும் கேட்பார்கள் என்று கொள்ள முடியாது என்பதையும், ஒவ்வொரு துறைக்கும் செல்வாக்குள்ளவர் பெரும்பாலும் வேறொருவராகவே இருந்தார் என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர். பரோட்டாக் கடைகளை அறிமுகப்படுத்திப் பல லட்சம் பேரைச் சேர்த்த ஒருவர் சேலையைப் பற்றிப் பேசினால் பலர் பார்ப்பார்கள். வாங்குவார்களா என்பது வேறு கேள்வி.

பின்தொடர்வோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுப்பதே இத்துறையில் மிகப் பரவலான பிழை. எண்ணிக்கையை விலைக்கு வாங்க முடியும் என்பதால், ஈடுபாட்டு விகிதம் என்ற அளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரு பதிவுக்குக் கிடைத்த விருப்பக்குறிகளையும் கருத்துகளையும் கூட்டிப் பின்தொடர்வோர் எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது இவ்விகிதம். இதன்படி 2 லட்சம் பேர் பின்தொடரும் பக்கத்தில் 2,000 பேர் மட்டுமே வினையாற்றினால் விகிதம் 1 விழுக்காடு. 20,000 பேர் பின்தொடரும் பக்கத்தில் 1,600 பேர் வினையாற்றினால் 8 விழுக்காடு. இந்த விகிதமும் முழு உண்மையைச் சொல்லிவிடாது. கருத்துப் பகுதியில் வெறும் இதயக் குறிகள் நிறைந்துள்ளனவா, அல்லது "விலை என்ன, கூரியரில் அனுப்புவீர்களா, சாயம் போகுமா" என்று கேட்பவர்கள் இருக்கிறார்களா என்பதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்துப் பார்ப்பது, எந்தக் கணக்கையும் விடத் தெளிவான விடை தரும்.

பார்வையாளர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதும் பொருளைப் பொறுத்தே முக்கியத்துவம் பெறுகிறது. இன்ஸ்டாகிராமின் இன்சைட்ஸ் பகுதி, பின்தொடர்வோரின் ஊர், வயது, பாலினம் ஆகியவற்றைக் கணக்கின் உரிமையாளருக்குக் காட்டுவதால், அதன் திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்) கேட்டுப் பெறுவது வழக்கம். ஜிகர்தண்டா கடைக்காரருக்கு மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பார்வையாளரே தேவை. கூரியரில் போகக்கூடிய சேலைக்கோ சென்னை, கோலாலம்பூர் பார்வையாளரும் வாடிக்கையாளராகலாம். படைப்பாளி ஒரே தளத்தை நம்பியிருப்பவரா என்பதையும் கவனிக்க வேண்டும். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தபோது, தென்மாவட்டச் சிற்றூர்களிலிருந்து புகழடைந்த பலர் தம் பார்வையாளர்களை ஒரே நாளில் இழந்தனர்.

இவை எல்லாவற்றையும் விட உறுதியான அடையாளம், அந்தப் படைப்பாளி வணிகரிடம் என்ன கேட்கிறார் என்பதில் உள்ளது. கட்டணத்தை மட்டும் பேசி, அனுப்பிய வாசகத்தை அப்படியே ஒப்பிப்பவரைக் காட்டிலும், சேலையை முதலில் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும், முடிச்சிடும் இடத்துக்கு வர வேண்டும் என்று வற்புறுத்துபவர் பல மடங்கு மதிப்புள்ளவர். ஆயிரக்கணக்கான சிறு முடிச்சுகள் நூலால் இறுக்கப்படுவதையும், சாயம் காய்ந்தபின் அவை அவிழ்க்கப்பட்டுப் புள்ளிகள் வெளிப்படுவதையும் அவர் படம்பிடித்துக் காட்டினால், அச்சுத் துணியின் விலைக்கும் இதன் விலைக்கும் உள்ள இடைவெளிக்குத் தனி விளக்கம் தேவைப்படாது.

சட்டமும் இத்தகைய கவனத்தையே எதிர்பார்க்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்காக உற்பத்தியாளருக்கு மட்டுமன்றிப் பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் தவறினால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். ஆனால் உண்மையைச் சரிபார்க்க உரிய முயற்சி எடுத்த பரிந்துரையாளருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அச்சுத் துணியை அசல் சுங்குடி என்று விசாரிக்காமல் சொல்லிவிடுபவர், தம்மையும் வணிகரையும் சேர்த்தே சிக்கலுக்கு உள்ளாக்குகிறார். மேலும், பணமாகப் பெறாமல் சேலையை இலவசமாகவோ தள்ளுபடியிலோ பெற்றிருந்தாலும் அதை வெளிப்படுத்த வேண்டும் என்றும், காணொளி எந்த மொழியில் உள்ளதோ அந்த மொழியிலேயே அவ்வறிவிப்பு இருக்க வேண்டும் என்றும் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. தமிழ்க் காணொளியில் "விளம்பரம்" என்ற சொல் தெளிவாகத் தெரிய வேண்டியிருக்க, அதை ஹேஷ்டேக் குவியலுக்குள் புதைத்து வைக்கச் சம்மதிக்கும் படைப்பாளியை வணிகர் தவிர்ப்பது நல்லது.

ஒப்பந்தத்தை எழுத்தில் செய்துகொள்வதும், காணொளியை வணிகர் தமது பக்கத்தில் எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதை அதில் குறிப்பதும், ஒவ்வொரு படைப்பாளிக்கும் தனித் தள்ளுபடிக் குறியீடு கொடுத்து யார் வழியாக எத்தனை சேலை விற்றது என்று எழுதிவைப்பதும் சிறு வணிகருக்கும் இயலக்கூடியவையே. ஒரே காணொளிக்கு முழுத் தொகையையும் செலவிடாமல், பொருத்தமான ஒருவரோடு தீபாவளிக்கும் பொங்கலுக்குமாகச் சில காணொளிகளுக்கு உடன்பாடு செய்துகொண்டால், முதல் முறை பார்த்துவிட்டுத் தயங்கியவர் அடுத்த முறை விலை கேட்க வாய்ப்புக் கிடைக்கிறது.